கடல்புறாவிலை காத்துக் காணாது

எனக்குச் சரியான கோவம். அதை முதலிலை சொல்லிப்போட்டுத்தான் மிச்சம் எழுதுவன்.

அண்ணையின்ரை மகன் கனடாவிலையிருந்து சந்நிதித் திருவிழாவுக்கு வந்து நிக்கிறான். நல்ல பெடியன். தமிழ் வாசிக்கக் கொஞ்சம் தடக்குப்படுவான், கேட்டா எல்லாம் விளங்கும். அதாலை சாண்டில்யன்ரை 'கடல்புறா'வை ஒலிப்புத்தகமாக் கேட்டிருக்கிறான். மூண்டு பாகமும். (அந்தப் பொறுமைக்கே ஒரு மாலை போடோணும்.)

கேட்டு முடிச்ச பின்னேரம் விறாந்தையிலை எல்லாரும் இருக்கேக்கை தீர்ப்புச் சொல்லுறான்:

"மாமி, மூண்டு பாகத்திலை ரெண்டு பாகம் அந்தப் பிள்ளையளின்ரை இடையைப் பற்றித்தான். மிச்சம் ஒரு பாகம், அதுக்கு முதல் என்ன நடந்தது எண்டு திருப்பிச் சொல்லுறது."

பெரியம்மா பாக்குவெட்டியைக் கீழை வைச்சா. எண்பது தாண்டின மனிசி. குமுதத்திலை கிழமைக்குக் கிழமை கடல்புறா வரேக்கை பக்கத்தைக் கிழிச்சு, ஊசி நூலாலை தைச்சு, சேர்த்து வைச்சிருந்தவ. லதா கீறின படங்களுக்காகவே சில பக்கத்தைத் தனியா வைச்சிருந்ததாச் சொல்லுவா. அவவுக்கு முன்னாலை போய் உப்பிடிச் சொன்னா?

பிறகு நடந்தது ரெண்டு மணித்தியாலச் சண்டை. எனக்குக் கோவம் வந்தது பெடியன் சொன்னதாலை இல்லை. அவன் சொன்னதிலை பாதி சரியா இருந்ததாலை!

கதை தெரியாத ஆக்களுக்கு ஒரு சின்னச் சுருக்கம். (தெரிஞ்ச ஆக்கள் ரெண்டு பந்தி தள்ளிப் போங்கோ. சாண்டில்யன் வாசகருக்குத் தள்ளிப் போறது கைவந்த கலைதானே.)

வீரராஜேந்திர சோழன் காலம். கருணாகரத் தொண்டைமான் எண்ட இளைய பல்லவன் கலிங்கத்துப் பாலூர்த் துறைமுகத்திலை வந்து இறங்கிறான். அங்கை வம்பிலை மாட்டுறான். கடாரத்து இளவரசி காஞ்சனாதேவியைச் சந்திக்கிறான். அமீர் எண்ட அராபியன், அகூதா எண்ட சீனக் கடற்கொள்ளைக்காரன், கண்டியத்தேவன் எண்டு ஒரு பெரிய கூட்டம் சேருது. இளைய பல்லவன் கடற்போர் பழகிறான். பிறகு சுமத்ராப் பக்கம் அக்ஷயமுனையிலை மஞ்சளழகி வாறா. புறா முகப்போடை ஒரு போர்க்கப்பல் உருவாகுது. ஸ்ரீவிஜயத்தோடை மோதல். கடைசியிலை ரெண்டு பேரையும் கட்டிறான்.

ஓம். ரெண்டு பேரையும்.

அதுக்குப் பிறகு வாறன். முதலிலை மருமகன்ரை முறைப்பாடு.

திருப்பித் திருப்பிச் சொல்லுறார் எண்டது மெய். ஆனா அது தொடர்கதை, ஐயா. ஒரு கிழமை அடுப்படி, பள்ளிக்கூடம், கிணத்தடி எல்லாம் பார்த்துப்போட்டு அடுத்த குமுதத்தை எடுக்கிற ஆளுக்குப் போன கிழமை வாளை ஆர் உருவினது எண்டு நினைப்பிருக்குமே? அதாலை மனிசன் ஒரு பந்தியிலை ஞாபகப்படுத்திப்போட்டுத்தான் துவங்குவார். முடிக்கேக்கை ஒரு கதவு திறக்கும், இல்லாட்டி ஒரு கை தோளிலை விழும். அவ்வளவுதான், அடுத்த கிழமை வா.

பெரியம்மாவுக்கு அது ஒரு குறையாவே படேல்லை. புத்தகமா வாசிச்ச எனக்குக் கொஞ்சம் அலுத்துது. காதாலை கேட்டவனுக்கு விசர் பிடிச்சிட்டுது. ஏன் எண்டா கண்ணாலை வாசிக்கிற ஆள் பக்கத்தைத் தட்டலாம். காதாலை கேக்கிறவன் எங்கை தட்டுறது? முன்னாலை தள்ளிப் பார்த்தவனாம். தள்ளின இடத்திலையும் இடைதான் வந்ததாம்!

இதிலை என்ரை அனுபவத்தையும் சொல்லோணும். பள்ளிக்கூடம் படிக்கேக்கை ஊர் வாசிகசாலையிலைதான் முதன்முதல் எடுத்தனான். நடுப்பாகத்தை ஆரோ கொண்டுபோய்த் திருப்பிக் குடுக்கேல்லை. முதலாம் பாகம் வாசிச்சன், நேரை மூண்டாம் பாகத்துக்குப் பாய்ஞ்சன்.

விளங்கிச்சுது!

நடுவிலை நடந்ததெல்லாத்தையும் அவரே திருப்பிச் சொல்லுறார் எல்லோ. அப்பவே நினைச்சனான், இந்த மனிசன் வாசிகசாலையிலை புத்தகம் துலைக்கிற ஆக்களையும் நினைச்சுத்தான் எழுதியிருக்கிறார் எண்டு.

பிறகு போனிலை பீடிஎஃப்பா வாசிச்சுப் பார்த்தன். சரிவரேல்லை. ஒரு வசனம் துவங்கி முடியிறதுக்கிடையிலை திரை ரெண்டு தரம் நகருது. கடைசியா வானதிப் பதிப்பை நல்லூர்த் திருவிழாக் காலத்துப் புத்தகக்கடையிலை வாங்கிப் படுத்துக்கொண்டு வாசிச்சன். அதுதான் சரி. ஆனா நெஞ்சிலை வைச்சு வாசியாதேங்கோ, பாரம். பக்கத்திலை வைச்சுச் சரிஞ்சு படுங்கோ.

பெரியம்மாவின்ரை தொடர்கதைப் பைத்தியத்துக்கு இன்னொரு கதையும் இருக்கு. எழுபதுக்குப் பிறகு சிறிமா அம்மையாரின்ரை அரசாங்கம் தென்னிந்தியச் சஞ்சிகை இறக்குமதியைக் கட்டுப்படுத்தேக்கை எங்கடை ஊரிலை பெரிய வாக்குவாதம் நடந்தது எண்டு அப்பா சொல்லுவார். இஞ்சத்தை எழுத்தாளருக்கு வழி பிறக்கும் எண்டு ஒரு பக்கம். (பிறந்ததுதான். மல்லிகை, சிரித்திரன், பிறகு வீரகேசரிப் பிரசுரங்கள் எல்லாத்தையும் அந்தக் காலம் தூக்கிவிட்டது.) மற்றப் பக்கம் பெரியம்மா மாதிரியான ஆக்கள். அவைக்கு இலக்கியக் கொள்கை ஒண்டும் இல்லை. தொடர்கதை பாதியிலை நிக்குது, அவ்வளவுதான் கவலை. கட்டின பழைய தொடர்கதையள் வீடு வீடாப் போய் வந்தது அந்த நேரந்தானாம்.

சரி, ரெண்டு பெண்சாதிக் கதைக்கு வருவம்.

எங்கடை வீட்டிலை கட்சி ரெண்டு. பெரியம்மா மஞ்சளழகிக் கட்சி. மாமி காஞ்சனாக் கட்சி. இது இண்டு நேற்றுத் துவங்கினதில்லை, நான் பிறக்க முந்தியே இருக்கிற பகை. மாமி சொல்லுறா, முதல் வந்தவளுக்குத்தான் உரிமை, அவள் வாளெடுக்கத் தெரிஞ்சவள், இளவரசி. பெரியம்மா சொல்லுறா, "இளவரசி எண்டா என்ன? அவளுக்குக் கேக்கிறதெல்லாம் கிடைக்கும். மஞ்சளழகி பாவம்."

அண்ணை இடையிலை, "அதுதானே ரெண்டு பேரையும் கட்டினவன், பிறகென்ன பிரச்சினை?" எண்டார். அண்ணி பார்த்த பார்வையிலை அண்ணை எழும்பி மாட்டுக்குத் தண்ணி வைக்கப் போட்டார்.

என்ரை அபிப்பிராயம்? சாண்டில்யன் பெண்களை அறிமுகப்படுத்திற மாதிரி ஆரும் செய்யேலாது. வரேக்கை புலி மாதிரி வருவினம். வாள், குதிரை, அரசியல் மூளை, எல்லாம் இருக்கும். கொஞ்ச அத்தியாயம் போக, நாயகன் வாற வழியைப் பார்த்துச் சாளரத்தடியிலை நிக்கிற வேலைதான் மிச்சம். அந்த நிண்டநிலை வர்ணிப்பு இருக்கே, அதைத்தான் பெடியன் இடை எண்டு சொன்னவன். அவன் சொன்னது பிழையில்லை. அந்தப் பக்கங்களை இப்ப வாசிக்க எனக்கும் கூச்சமாத்தான் கிடக்கு.

ஆனா பாருங்கோ, காதல் கூடிப்போச்சு எண்டு எல்லாரும் சொல்லுற முறைப்பாடு எனக்குப் பெரிசாப் படேல்லை. காதல் கதைக்கு அது ஒரு குறையே? மோதகத்துக்குள்ளை சக்கரை கூடிப்போச்சு எண்டு ஆரும் கோயிலிலை சண்டை பிடிக்கிறதில்லை.

என்ரை முறைப்பாடு வேறை. காதல் கூடினதில்லை. கடல் காணாது!

இதை எனக்கு விளங்கப்படுத்தினது சித்தப்பா.

சித்தப்பா வல்வெட்டித்துறைப் பக்கம் கலியாணம் செய்தவர். அவற்றை மாமனார் பாய்க்கப்பல் காலத்து ஆள். புகையிலை ஏத்திக்கொண்டு மலையாளக் கரைக்கு, அரிசிக்கும் தேக்குக்கும் ரங்கூனுக்கு எண்டு வல்வெட்டித்துறைக் கப்பல்கள் ஓடின காலத்தை நேரை கண்டவர். கப்பலை நடத்திற தண்டையல் எண்டா அந்தக் காலத்திலை அப்பிடி ஒரு மரியாதையாம். சித்தப்பா கடல்புறாவை ரெண்டு தரம் வாசிச்சவர். ரெண்டாந்தரம் வாசிச்சது பிழை பிடிக்க.

"எல்லாம் சரி," எண்டார். "உவ்வளவு பெரிய புறாவை முகப்பிலை வைச்சா அணியம் பாரமாகி மூக்கு தண்ணிக்கை குத்தும் எல்லோ? பிறகு எப்பிடி ஓடும்?"

மருமகன் முதன்முதலாக் காதிலை செருகினதைக் கழட்டினான்.

சித்தப்பா தேத்தண்ணிக் கோப்பையிலை விரலைத் தொட்டுச் சீமெந்துத் தரையிலை ஒரு வளைவு கீறினார். இது சோழமண்டலக் கரை. ஒரு பொட்டு, நாகபட்டினம். கீழை ஒரு பொட்டு, நாங்கள். வலப்பக்கம் தூரத்திலை ஒரு பொட்டு, நக்கவாரம். அதுக்கும் அங்காலை கடாரம், இப்பத்தை மலேசியாவிலை கெடா எண்டு சொல்லுற இடம்.

"கச்சானும் சோழகமும் ஊதிற மாதங்களிலைதான் இஞ்சையிருந்து அங்காலை போகலாம். திரும்பிறதெண்டா வாடை வரோணும். இடையிலை என்ன செய்யிறது? அங்கை கிடக்க வேண்டியதுதான். மாதக் கணக்கிலை. கப்பலைக் கரையேத்து, பாயைத் தை, அடியிலை பிடிச்ச சிப்பியைச் சுரண்டு, அரிசி முடிஞ்சா ஊராற்றை காலிலை விழு. உவன் தொண்டைமான் நினைச்ச நேரம் போறான், நினைச்ச நேரம் வாறான். உவனுக்கு மட்டும் தனிக் காத்தே?"

அவர் சொல்லி முடிக்க நக்கவாரம் காய்ஞ்சு போட்டுது. திரும்ப விரலைத் தொட்டு வைச்சார்.

"மற்றது, கப்பலிலை ஆர் சமைச்சது? குடிதண்ணி எங்கை? ஒருத்தனும் சத்தி எடுக்கேல்லையே?"

இதைக் கேட்ட பிறகுதான் எனக்கு ஒண்டு வெளிச்சது. கப்பல், துறைமுகம், போர்த் தந்திரம் எல்லாத்தையும் சாண்டில்யன் நல்லாப் படிச்சுத்தான் எழுதியிருக்கிறார். ஸ்ரீவிஜயம், கடாரம், மாநக்கவாரம் எண்டு அவர் சொல்லுற இடமெல்லாம் மெய்யான இடம். ராஜேந்திர சோழன் 1025 அளவிலை படையனுப்பின இடங்கள், மெய்க்கீர்த்தியிலை வாற பேர்கள். ஒரே தளத்திலை தமிழன், அராபியன், சீனன் நிக்கிறதும் அந்தக் கடலுக்குப் பொருத்தந்தான். வியாபாரக் கடல் எண்டா அப்பிடித்தான் இருந்திருக்கும். ஆனா கடலிலை வேலை செய்யிற ஆளின்ரை கையும் முதுகும் எனக்கு அதிலை காணாது. உத்தரவு குடுக்கிறவை கனக்கப் பேர். கயிறிழுக்கிறவன்ரை பேர் தெரியாது.

கல்கியின்ரை பூங்குழலியை ஏன் எங்கடை கரையிலை எல்லாருக்கும் பிடிக்குது எண்டு யோசிச்சுப் பாருங்கோ. பொன்னியின் செல்வனிலை எத்தினை இளவரசியள்! ஆனா துடுப்பை அவள் தானே பிடிக்கிறாள். கோடிக்கரையிலையிருந்து வந்தியத்தேவனை ஏத்திக்கொண்டு இஞ்சாலைப் பக்கம் வாறாள். படம் 2022இலை வந்த நேரம் கடற்கரைப் பெடியள் அவள் படகு வலிக்கிற சீனுக்குத்தான் விசிலடிச்சவை.

செங்கை ஆழியானின்ரை 'வாடைக்காற்று' இன்னொண்டு. சரித்திரக் கதையில்லை, ராசா ராணி இல்லை. வாடைக்கு நெடுந்தீவிலை வந்து வாடி போட்டுத் தொழில் செய்யிற ஆக்களின்ரை காதலும் பகையும். 1978இலை படமாயும் வந்தது. பேரிலையே காத்து இருக்கு பாருங்கோ. காத்து மாறினா அந்தக் கதையிலை மனிசற்றை விதியே மாறும். அவர் எழுதின 'கடல் கோட்டை' சரித்திர நாவல்தான். அதையும் தேடிப் பிடிச்சு வாசியுங்கோ.

இனி வாத்தியார் மாமா. (சண்டைக்கு அவர் பிந்தித்தான் வந்தவர். வந்தவுடனை சரித்திரம்.)

அவற்றை கணக்கு இப்பிடி. கருணாகரத் தொண்டைமான் மெய்யான ஆள். முதலாம் குலோத்துங்கனின்ரை சேனாபதி. 1110ஐ ஒட்டின கலிங்கப் போரை நடத்தினவர், கலிங்கத்துப்பரணி பாடிற வீரன். வீரராஜேந்திரன் செத்தது 1070. கதையிலை இளைய பல்லவனுக்கு 25 வயது எண்டு வைச்சாலும், பரணிப் போருக்குப் போகேக்கை 65 தாண்டியிருக்கும்.

"அப்ப கிழவன்தான் கலிங்கத்தை எரிச்சவனோ?" எண்டு பெரியம்மா கேட்டா. குரலிலை ஒரு பெருமை வேறை!

ஆனா மாமா அடுத்துச் சொன்னதுதான் மருமகனை ஆட்டிப்போட்டுது. அவன் ஒவ்வொரு நாளும் சந்நிதிக்குப் போறான். அந்தக் கோயில் இருக்கிறது தொண்டைமானாற்றிலை. அந்தப் பேர் எங்கையிருந்து வந்தது எண்டு அவன் யோசிக்கவே இல்லை.

யாழ்ப்பாண வைபவமாலையிலை கதை இருக்கு. கரணவாய், வெள்ளப்பரவைப் பக்கம் விளையிற உப்பை ஏத்த ஒரு தொண்டைமான் வந்தானாம். மரக்கலங்கள் உள்ளுக்கு வந்து போகச் சின்ன ஆற்றை வெட்டி ஆழமாக்கினானாம். அதுதான் தொண்டைமானாறு. அந்தத் தொண்டைமான் எங்கடை கருணாகரன்தான் எண்டு பிறகு வந்த ஆக்கள் சேர்த்துச் சொல்லுவினம். உரும்பிராயிலை இருக்கிற கருணாகரப் பிள்ளையாரையும் அவன்ரை பேரோடைதான் சேர்த்துச் சொல்லுறது.

இதெல்லாம் மெய்யோ? வைபவமாலை எழுதினது ஒல்லாந்தர் காலத்திலை, மயில்வாகனப் புலவர். சம்பவம் நடந்ததாச் சொல்லுற காலத்துக்குப் பல நூறு வருசம் பிந்தி. அதுவும் உக்கிரசிங்கன் காலத்திலை நடந்ததாக அதிலை வருது, குலோத்துங்கன் காலத்துக்கும் அதுக்கும் ஒத்துவராது. அதாலை மாமாவே சத்தியம் பண்ணமாட்டன் எண்டுதான் சொன்னார்.

எனக்கு அதிலை பிடிச்சது என்ன தெரியுமே? எங்கடை ஊர்க்கதையிலை வாற தொண்டைமானுக்குக் காதல் இல்லை. ரெண்டு நாயகி இல்லை. மனிசன் உப்பு ஏத்த வந்தவன். கப்பல் தரை தட்டுது, அதாலை ஆற்றை வெட்டினவன். சேறு, மண்வெட்டி, கூலியாக்கள், உப்பு மூட்டை. இதெல்லோ கடல் வேலை!

(இன்னொரு பகிடி. உப்பு வெளியிலை போக வெட்டினதாச் சொல்லுற அதே வாயிலிலை இப்ப தடுப்பணை. கடலின்ரை உப்புத்தண்ணி உள்ளுக்கு வராமல் மறிக்கிறதுக்கு. தொண்டைமான் திரும்பி வந்தா ஆரிட்டைப் போய் முறையிடுவான்?)

கடலோரச் சட்டமும் எங்களிட்டை இருக்கு. நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலிலை முதலாம் பராக்கிரமபாகுவின்ரை தமிழ்க் கல்வெட்டு ஒண்டு இருக்கு, 12ஆம் நூற்றாண்டு. ஊராத்துறைக்கு வாற பரதேச வியாபாரிகளைப் பற்றினது. யானை, குதிரை கொண்டு வாற கப்பல் உடைஞ்சா நாலிலை ஒரு பங்கு அரச பண்டாரத்துக்கு, மூண்டு பங்கு உடையவனுக்கு. சரக்குக் கப்பல் எண்டா சரிபாதி. ஊராத்துறை எண்டது இப்பத்தை ஊர்காவற்றுறை.

இந்த ஒரு கல்லிலையே ஒரு நாவல் கிடக்கு. கப்பல் உடைஞ்சு கரை ஒதுங்கின குதிரை வியாபாரி, பங்கு கேக்க வந்து நிக்கிற அதிகாரி, நனைஞ்ச குதிரையள். வியாபாரிக்கு ஒரு மகள் இருந்தா இருக்கட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை.

இல்லாட்டி அன்னபூரணியை எடுங்கோ. வல்வெட்டித்துறையிலை கட்டின பாய்க்கப்பல், 89 அடி நீளம், ரெண்டு பாய்மரம். வில்லியம் அல்பேர்ட் ரொபின்சன் எண்ட அமெரிக்கர், ஒரு சின்னப் பாய்ப்படகிலை உலகத்தைச் சுத்தி வந்தவர், அதை விலைக்கு வாங்கித் தன்ரை பெண்சாதியின்ரை பேரைச் சூட்டினார். புளோரன்ஸ் சி. ரொபின்சன். அதை ஓட்டிக்கொண்டு போனது எங்கடை ஊர்த் தண்டையலும் ஆக்களும். ஏடன், சூயெஸ், ஜிப்ரால்டர், பிறகு அத்திலாந்திக். 1938 ஆகஸ்டிலை அமெரிக்காவிலை குளொஸ்டர் துறைமுகத்திலை கொண்டுபோய் நிப்பாட்டினவை.

அன்னபூரணி எண்ட பேரை அழிச்சு வேறை பொம்பிளையின்ரை பேர். பெரியம்மா இதைக் கேட்டுப்போட்டு, "அப்ப உந்தக் கப்பலுக்கும் ரெண்டு நாயகி" எண்டா!

இந்தக் கதையை ஏன் ஒருத்தரும் மூண்டு பாகத்திலை எழுதேல்லை? அதுதான் என்ரை கோவம். பெடியனோடை இல்லை, சாண்டில்யனோடையும் இல்லை. அவர் மாயவரத்துப் பக்கத்து ஆளா இருந்தும் கடலை இவ்வளவுக்கு எழுதினார். கடலுக்குப் பக்கத்திலை இருக்கிற நாங்கள் அவற்றை இடை வர்ணனையைக் குறை சொல்லிக்கொண்டு இருக்கிறம்.

அதாலை எழுதக்கூடிய ஆக்கள் ஆரும் இதை வாசிச்சா, தயவுசெய்து எழுதுங்கோ. ரெண்டு நாயகி வைக்கிறதெண்டா வையுங்கோ, பெரியம்மாவும் மாமியும் கட்சி பிரிஞ்சு சண்டை பிடிக்க ஒரு சாட்டு வேணும். அத்தியாயம் முடியேக்கை தோளிலை கை விழட்டும். ஆனா கப்பல் எந்த மாதம் வெளிக்கிட்டது எண்டதை மட்டும் சரியா எழுதுங்கோ. சித்தப்பா ரெண்டாந்தரமும் வாசிப்பார்.